வேலையை விட்ட திகதி

நான் பதினான்கு வருடம் வேலை செய்த களஞ்சியத்தை மூடப்போகிறார்கள். வவுனியாவில் நிவாரண அரிசி லொறி லொறியாக இறங்கிய காலம் முடிந்துவிட்டது; உதவி நிறுவனம் கதவைச் சாத்திக்கொண்டு வேறு நாட்டைப் பார்த்துப் போகிறது. அங்கே என்னோடு வேலை செய்த மூன்று பெண்கள் போன ஞாயிற்றுக்கிழமை நெளுக்குளத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு விண்ணப்பப் படிவம் கையில் இருந்தது. பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை செய்த பிள்ளைகள். இனி முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து, தாங்கள் யார் என்று தாங்களே சொல்ல வேண்டும்.

"அக்கா, நேர்முகப் பரீட்சைக்கு எப்பிடி ஆயத்தப்படுத்திறது?" என்று சுதா கேட்டாள். "நீங்களும் ஒரே மில்லிலை கனகாலம் இருந்திட்டுத்தானே இஞ்சை வந்தனீங்கள். உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தடவை தோற்றுப்போனவளிடம் வந்து வழி கேட்கிறார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இடுப்பு வலியும் மூட்டு வலியுமாகக் கிடக்கிறேன். இந்தக் கதையெல்லாம் மறுபடி கிண்ட எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சுதாவின் படிவத்தைப் பார்த்தேன். எல்லாம் நிரப்பியிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. 'முந்தைய வேலையை விட்ட திகதியும் காரணமும்.'

அந்த ஒரு கட்டத்தை நிரப்ப எனக்கு நாலு வருடம் எடுத்தது. அதை மட்டும் சொல்கிறேன் என்று சொல்லித் தொடங்கினேன்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தினார்கள். கணவரும் நானும் ஒரு துணி மூட்டையோடு கிளிநொச்சியில் வந்து இறங்கினோம். காடு வெட்டினோம், மிளகாய் நட்டோம். அடுத்த வருடம் டவுனுக்குக் கிழக்கே ஒரு நெல் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே நேர்முகப் பரீட்சை என்று ஒன்றும் இல்லை. ஆலையின் சொந்தக்காரி வாசலில் கதிரை போட்டு இருந்தார். கணவன் இறந்தபின் ஆலையைத் தனியாக நடத்தியவர். எல்லோரும் அவரை மில்லம்மா என்றுதான் சொன்னார்கள். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கொழுந்து பறித்த கறை அப்போதும் விரல்களில் இருந்தது. "நாளைக்கு வா, பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

முதல் மூன்று வருடமும் கூட்டினேன், சுமந்தேன், தளத்தில் நெல் துழாவினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு நெல் அவிக்கும் இடத்துக்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்.

புழுங்கல் அரிசிச் சோறு சாப்பிடுகிற எல்லோருக்கும் அது எப்படி வருகிறது என்று தெரியாது. நெல்லைச் சீமெந்துத் தொட்டியில் இரண்டு நாள் ஊறப்போட வேண்டும். இடையில் ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு தொட்டியை வடித்து, நெல்லைப் பீப்பாயில் கொட்டி, உமி எரிக்கும் அடுப்பில் வைத்து ஆவி ஏற்ற வேண்டும். நெல் வாய் பிளக்கும் நேரம் பார்த்து இறக்கித் தளத்தில் பரப்ப வேண்டும். வெயில் கடுமையாக இருக்கிறது என்று சந்தோசப்படக் கூடாது. ஒரேயடியாகக் காய்ந்த நெல் ஆலையில் போட்டதும் குறுணலாக உடையும். பாதி காய்ந்ததும் குவித்து, சாக்கால் மூடி ஆறவிட்டு, பின்னேரம் மறுபடி பரப்ப வேண்டும். இதில் எது பிந்தினாலும் சமாளிக்கலாம், ஊறலை வடிக்கப் பிந்தினால் சமாளிக்க முடியாது. இரண்டு நாளைக்கு மேல் தொட்டியில் கிடந்தால் நெல் புளிக்கும். அந்த மணம் அரிசியில் ஏறினால் சோற்றிலும் போகாது.

மில்லம்மா தளத்துக்கு வருவார். குவியலின் மேலிருந்து எடுக்க மாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு மூன்று நெல் எடுப்பார். உமியை நகத்தால் உரித்து, ஒவ்வொன்றாகக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். மூன்றும் ஒரே சத்தம் போட வேண்டும். பதமாக இருந்தால் "காணும்" என்பார்; காய்ந்தது போதும் என்று அர்த்தம். பதமில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்ப்பார். திட்டினால் கூடத் தாங்கலாம். அந்தப் பார்வைக்குப் பயந்தே நானும் கடித்துப் பார்க்கப் பழகினேன்.

அவரிடம் இன்னொரு முறை இருந்தது. வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் அவருடைய கதிரைக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் எனக்கு அது தெரியாது. பேசாமல் வாசலைத் தாண்டினேன். கூப்பிட்டார்.

"எங்கை போறாய்?"

"வீட்டுக்குப் போறேங்கம்மா."

"போறேன் எண்டு சொல்லாதை. வாறன் எண்டு சொல்லு. போறன் எண்ட ஆளை நம்பி நான் நெல்லு ஊறப்போடேலாது."

போயிட்டு வாறேன் என்றுதான் எங்கள் தோட்டத்திலும் சொல்வோம். ஆனால் அது சும்மா வாய்வார்த்தை. மில்லம்மாவுக்கு அது கொடுத்த வாக்கு. சொன்னால் அடுத்த நாள் வந்து நிற்க வேண்டும். காய்ச்சலோடு போய் நின்று, "வந்திட்டாய்தானே, இனிப் போய்ப் படுத்திட்டு நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்களும் எனக்கு உண்டு. கணவர் இறந்தபோதும் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் போய் நின்றேன். அவர் அன்றைக்கு மட்டும் எனக்குத் தேத்தண்ணியைத் தன் கையால் தந்தார்.

வேலையை விட்டு ஒரேயடியாக விலகுகிறவர்களுக்கு வேறு முறை. சரோஜா என்று ஒரு பெண் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அவள் கதிரைக்கு முன்னால் நின்று வழக்கம்போல "போயிட்டு வாறன் அம்மா" என்றாள். மில்லம்மா "போ, பிள்ளை" என்றார். போயிட்டு வா என்று சொல்லவில்லை. எங்கள் சனத்தில் படியிறங்குகிற ஒருவரைப் பார்த்து அப்படி மொட்டையாக யாரும் சொல்ல மாட்டார்கள். சரோஜா அழுதுகொண்டே போனாள். பக்கத்தில் நின்றவள் எனக்கு விளக்கினாள். மில்லம்மா வாயால் 'போ' என்றால்தான் ஒரு ஆள் விலகியதாக அர்த்தம். அதுவரை எந்த ஊரில் இருந்தாலும் அவருடைய ஆள். நான் இருந்த பதினெட்டு வருடத்தில் மூன்று பேருக்குத்தான் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டேன்.

தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடையால் டீசல் வரவில்லை. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டினார்கள். அதுவும் கிடைக்காத கிழமைகளில் அவித்துக் காயவைத்த நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கிவிட்டுக் காத்திருந்தோம். அப்படியும் ஆலை நிற்கவில்லை.

தொண்ணூற்றாறில் ஷெல் கிட்ட விழத் தொடங்கிய அன்று, முதல்நாள் பின்னேரம் ஊறப்போட்ட முப்பது மூட்டை நெல் தொட்டியில் இருந்தது. சனம் ரோட்டை நிறைத்துக்கொண்டு தெற்கேயும் மேற்கேயுமாக நடந்தது. என் மகள் சாந்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். மில்லம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அம்மா, நீங்களும் வெளிக்கிடுங்கோ."

"நெல்லு தொட்டியிலை கிடக்கு. நான் எங்கை வெளிக்கிடுறது? பிள்ளையை எங்கையாவது பாதுகாப்பா விட்டிட்டு வா. நாளைக்குப் பின்னேரம் வடிச்சு அவிக்கவேணும்."

"வாறன் அம்மா" என்றேன்.

"போயிட்டு வா."

அக்கராயனில் ஒரு பாலை மரத்தடியில் தறப்பாள் கட்டினோம். மறுநாள் சாந்தியைத் தெரிந்த குடும்பத்திடம் விட்டுவிட்டு, இரவல் சைக்கிளில் திரும்பினேன். பாதி வழியில் மறித்தார்கள். அங்காலே போக முடியாது என்றார்கள். "நெல்லு ஊறுது" என்றேன். மறித்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. வீடு, மாடு, தாய், தகப்பன் என்று திரும்பி ஓடியவர்களை அன்றைக்கு எத்தனையோ பேரைக் கண்டிருப்பான். நெல் ஊறுகிறது என்று ஒருத்தியும் சொல்லியிருக்க மாட்டாள். அடுத்த நாளும் போனேன். அதே இடம், அதே பதில். அன்று மத்தியானம் மரத்தடியில் சும்மா இருக்க முடியவில்லை. இந்நேரம் தொட்டி புளித்திருக்கும் என்ற எண்ணம் ஒன்றுதான் மனதில் நின்றது. சொல்லிவிட்டு வந்தேன், போய் நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மில்லம்மா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் நானும் சாந்தியும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். முகாமில் விட்டார்கள். பெரிய மண்டபம், சேலையைக் கட்டிப் பிரித்ததுதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறை. வெளியே போக வேண்டுமானால் காலையில் வரிசையில் நின்று பாஸ் எடுத்து, பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பி வந்து கொடுக்க வேண்டும். டவுனில் நிரந்தர வேலை கிடைத்து, வேலை தந்தவர் ஒரு கடிதமும் தந்தால், முகாமுக்கு வெளியே வாடகைக்கு இருக்க அனுமதி கேட்கலாம். எனக்கு வேண்டியது அந்தக் கடிதம். சாந்தி பெரியபிள்ளையாகிவிட்டாள். சேலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் உடுப்பு மாற்ற வேண்டும், யாரோ சண்டை பிடிக்கிற சத்தத்துக்குள் இருந்துதான் படிக்க வேண்டும். கதவு உள்ள ஒரு அறை வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்டதில்லை.

முதல் நேர்முகப் பரீட்சை ஒரு சிறுவர் இல்லத்தில், சாமான் அறைக்குப் பொறுப்பான வேலைக்கு. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி கேட்கிறவரின் மேசைக்கு முன்னால் இருந்தேன்.

"முந்தி எங்கை வேலை செய்தனீங்கள்?"

சொன்னேன்.

"ஏன் அந்த வேலையை விட்டனீங்கள்?"

"விடலைங்க."

தோட்டத்துப் பேச்சு எனக்குள் எங்கோ கிடந்து, பயம் வந்தால் முந்திக்கொண்டு வந்துவிடும். கேட்டவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"அப்ப இப்பவும் அங்கை வேலை செய்யிறீங்களோ?"

"இல்லைங்க."

"விடவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. அப்ப என்ன செய்யிறீங்கள்?"

அவர் படிவத்தைப் பார்த்தார். விட்ட திகதி என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அறிவிக்கிறோம் என்றார். அறிவிக்கவில்லை.

முகாமில் எங்கள் சேலைக்கு அடுத்த சேலை றெஜினாவுடையது. கொக்கிளாய்க்காரி, வேதக்காரக் குடும்பம். எண்பதுகளிலேயே ஊரை விட்டு வெளிக்கிட்டவள்; அதற்குப் பிறகு எத்தனை இடம் மாறினாய் என்று கேட்டால் விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் கையை உதறிவிடுவாள். நான் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த தடவைக்கு என்னை ஆயத்தப்படுத்துவது தன் பொறுப்பு என்றாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். யாரிடமோ ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். நான் பாயில் இருந்தேன்.

"சொல்லுங்கோ. ஏன் அந்த வேலையை விட்டனீங்கள்?"

"சண்டை வந்தது..."

"சண்டை எல்லாருக்கும்தான் வந்தது. நீர் விட்டனீரோ, இல்லையோ?"

"விடேல்லை."

"எடி பாக்கியம், விட்டிட்டன் எண்டு சொல்லன். ஒரு சொல்லுத்தானே. மாதா கோவிக்க மாட்டா."

"மாதா கோவிக்க மாட்டா. மில்லம்மா கோவிப்பா."

"அந்த மனிசி இருக்கிறாவோ இல்லையோ எண்டும் தெரியாது. நாங்கள் எத்தினை வருசம் கரைவலை இழுத்தனாங்கள். ஏன் விட்டனீங்கள் எண்டு கடல் எங்களைக் கேட்டதோ?"

றெஜினா கண்ணாடியைக் கழற்றினாள். அவளுக்கும் ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, திரும்பச் சொல்லு" என்றாள், கொஞ்சம் மெதுவாக. ஒரு கிழமை முழுக்கப் பழகினேன். நான் அந்த வேலையை விட்டிட்டன். நான் அந்த வேலையை விட்டிட்டன். தண்ணி வரிசையில் நின்றும் சொல்லிக்கொண்டேன். சாந்தி ஒரு நாள், "அம்மா, நித்திரையிலையும் சொல்லுறீங்கள்" என்றாள்.

இரண்டாவது, வவுனியாவில் ஒரு நெல் ஆலை. இது எனக்குத் தெரிந்த வேலை. போனதும் முதலாளி கேட்டார், நானும் வெடுக்கென்று "விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் தலையாட்டினார். பிறகு சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"நாளைக்குப் பாதை திறந்தால் திரும்பிப் போவியளோ?"

"போற முதல் பஸ்ஸிலை போவன்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லியது. றெஜினா இந்தக் கேள்வியைச் சொல்லித் தரவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. "அப்ப உங்களை இஞ்சை பழக்கி எனக்கு என்ன பிரயோசனம், தங்கச்சி?" என்றார். சரியான கேள்விதான். நாலு மணிக்கு முன்பே முகாமுக்குத் திரும்பிப் பாஸைக் கொடுத்தேன். றெஜினா என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியில் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் விண்ணப்பிக்கவில்லை. கூலிக்கு நல்லது கெட்டது பிரித்து வெங்காயம் தெரிந்தேன், உடுப்புத் தோய்த்தேன். மூன்று வருடம் அப்படிப் போனது. இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு உதவி நிறுவனம் அரிசிக் களஞ்சியத்துக்குப் பெண்களை எடுக்கிறது என்று றெஜினாதான் படிவம் கொண்டுவந்தாள். என்னைக் கேட்காமலே என் பெயரையும் எழுதிவிட்டாள். மிச்சத்தை நான் நிரப்பினேன். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். பழைய இடத்தின் சேவைச் சான்றும் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் மாதா கோயிலுக்குப் போய் வந்த றெஜினா ஒரு செய்தி கொண்டுவந்தாள். கிளிநொச்சி மில்லுக்காரம்மா ஒருவரைக் கண் சத்திரசிகிச்சைக்காக வன்னியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், டவுனில் தம்பியின் மகள் வீட்டில் இருக்கிறார் என்று. மறுநாள் பாஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

முன் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்திருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"ஆர்?"

"பாக்கியம், அம்மா."

கையை நீட்டினார். என் கையை வாங்கித் திருப்பி, விரல்களைத் தடவினார்.

"கறை போயிட்டுதோ?"

"எப்பவோ போயிட்டுது அம்மா."

"எனக்குத் தெரியேல்லை. அதுதான் கேட்டனான்."

நான் கீழே இருந்தேன். அவர், "நீ போனாப் பிறகு நான் அங்கைதான் இருந்தனான்" என்றார். "பின்னேரம் வடிக்கிற நேரம் வந்தது. ஒருதரும் வரேல்லை. அடுத்த நாள் மத்தியானம் மணம் வந்திட்டுது. பிறகுதான் நானும் வெளிக்கிட்டன்."

"வந்தனான் அம்மா. ரெண்டு தரம் வந்தனான். பாதையிலை மறிச்சுப்போட்டாங்கள்."

"வந்தனியோ?"

"ஓம் அம்மா."

"வந்தனி எண்டால் சரி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு வருடமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அழுது முடிந்தபிறகு வந்த காரியம் என்ன என்று கேட்டார். சான்றைப் பற்றிச் சொன்னேன்.

"நான் எழுதேலாது. நீயே எழுது, கையெழுத்தை நான் வைக்கிறன்."

கொப்பித் தாளில் என் சேவைச் சான்றை நானே எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இவ என்ரை மில்லிலை நெல்லு அவிச்சவ. சொன்ன நேரத்துக்கு வருவா. ஒரு நாளும் பதம் பிழைச்சதில்லை."

நான் பேனையை நிறுத்தினேன். "அம்மா, ரெண்டு தரம் பிழைச்சது."

"மூண்டு தரம். நீ எழுது."

கடைசியில் அந்த இடம் வந்தது. "விட்ட திகதி கேக்கினம் அம்மா. இடம்பெயர்ந்த நாளைப் போடட்டோ?"

"அண்டைக்கு நீ விட்டனியோ?"

"இல்லை."

"பிறகென்ன? இண்டையான் திகதியைப் போடு."

"மில் நிண்டு நாலு வருசமாச்சே."

"மில் நிண்டது. நீ நிக்கேல்லைத்தானே. மற்றவை எல்லாரும் ஒவ்வொருத்தரா என்னைத் தேடி வந்து சொல்லிட்டுப் போயிட்டினம். நீ ஒருத்திதான் மிச்சம்."

பேனையைக் கையில் கொடுத்து, இடத்தைக் காட்டினேன். கையெழுத்து வரியை விட்டுக் கீழே சரிந்து போனது. நேரம் மூன்று மணி தாண்டிவிட்டது. நாலுக்குள் முகாமுக்குப் போக வேண்டும். எழுந்து கதிரைக்கு முன்னால் நின்றேன்.

"போயிட்டு வாறன் அம்மா."

அவர் முகத்தை வெளிப்பக்கம் திருப்பினார். பஸ் சத்தம் கேட்டது.

"போ, பிள்ளை" என்றார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது, உண்மைதான். ஆனால் ஒளிப்பானேன், பஸ்ஸில் ஏறியதும் எனக்குத் துக்கத்தைவிடச் சந்தோசமே அதிகமாக இருந்தது. மடியில் சான்றுக் கடிதம் இருந்தது. கதவு உள்ள அறையைப் பற்றி நினைத்துக்கொண்டு போனேன்.

நேர்முகப் பரீட்சையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வன்னிப் பக்கத்து ஆள், தலை நரைத்தவர். மற்றவர் கொழும்பிலிருந்து வந்த இளம் பெண். அவர்தான் கடிதத்தை வாசித்தார். வாசித்துவிட்டு என் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இரண்டும் ஒரே கையெழுத்து" என்றார்.

"ஓம். நான்தான் எழுதினனான். அம்மாவுக்குக் கண் தெரியாது. கீழை வைச்ச கையெழுத்து அவாவின்ரை."

"கிளிநொச்சியில இருந்த மில் தொண்ணூற்றாறோட நின்றுபோனதாக நீங்களே படிவத்தில எழுதியிருக்கிறீங்க. வேலையை விட்ட திகதி போன செவ்வாய்க்கிழமை என்று கடிதத்தில இருக்கு."

பழகிக்கொண்டு வந்த பதில் ஒன்றும் எனக்கு உதவவில்லை. சாந்தியின் முகம் வந்தது. பொய் சொல்ல இனி இடமும் இல்லை என்று தெரிந்தபோது ஒரு அலுப்பு வந்தது. வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"தொண்ணூற்றாறிலை போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டு வந்தனான். திரும்பிப் போகேலாமல் போச்சு. போன செவ்வாய்க்கிழமைதான் அம்மா என்னைப் பார்த்து 'போ' எண்டு சொன்னவா."

இளம் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்தவர் கடிதத்தை வாங்கி, சரிந்து கிடந்த கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த இரண்டு சின்னச் சாக்குப் பைகளை என் பக்கம் தள்ளினார்.

"இதிலை எதைக் களஞ்சியத்துக்குள்ளை எடுக்கலாம்?"

நான் மேலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு பைக்குள்ளும் அடிவரை கையை விட்டு மூன்று அரிசி எடுத்துக் கடித்தேன். முதல் பை மூன்றும் ஒரே சத்தம். இரண்டாவது பையில் ஒன்று மட்டும் பல்லில் அமுங்கியது.

"இது வேண்டாம் ஐயா. உள்ளுக்கை ஈரம் இருக்கு. ஒரு மாசத்திலை வண்டு வைக்கும்."

"ஈரம் பார்க்கிற மிசினும் அதைத்தான் சொன்னது" என்று இளம் பெண் மெதுவாகச் சொன்னார்.

அறிவிக்கிறோம் என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து எழுந்தேன். பழக்கதோசத்தில் மேசைக்கு முன்னால் நின்று, "போயிட்டு வாறன் ஐயா" என்றேன்.

"போயிட்டு வாங்கோ" என்றார் நரைத்தவர். கொஞ்சம் பொறுத்து, "திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்கு" என்றார்.

அனுமதி வர இரண்டு மாதம் எடுத்தது. நெளுக்குளத்தில் ஒரு அறையும் குசினியும் கிடைத்தது. சாந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கனநேரம் அவள் வெளியே வரவில்லை, நானும் தட்டவில்லை. மில்லம்மா சத்திரசிகிச்சை முடிந்து வன்னிக்கே திரும்பிவிட்டார். பாதை திறப்பதற்கு முன்பே அங்கே இறந்துபோனார். செத்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை.

இதுதான் நான் அந்த மூன்று பேருக்கும் சொன்னது. சுதா வெறுமையாக இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாங்கள் என்னத்தை எழுதிறது அக்கா?" என்று கேட்டாள். களஞ்சியம் மூடும் திகதியை எழுதுங்கள், உங்களுக்குக் கடிதம் அடித்துத் தருவார்கள், ஒரு சிக்கலும் வராது என்றேன். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தார்கள்.

படலை வரைக்கும் கூடவே போனேன். மூன்று பேரும் திரும்பி நின்று, "போயிட்டு வாறம் அக்கா" என்றார்கள். இவர்கள் இனி என்னிடம் வர ஒரு காரணமும் இல்லை; ஒருத்தி கொழும்புக்கு, ஒருத்தி மட்டக்களப்புக்கு, சுதா எங்கே என்று இன்னும் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் "போயிட்டு வாங்கோ" என்றுதான் வாயில் வந்தது. மற்றச் சொல் வரவில்லை.

படலையைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். நீ ஒருத்திதான் மிச்சம் என்று அன்றைக்கு மில்லம்மா சொன்னார். கடிதம் கிடைத்த சந்தோசத்தில் எனக்கு அது காதில் விழவில்லை. என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னபிறகு மில்லம்மாவுக்கு ஆட்கள் இல்லை, ஆலையும் இல்லை. அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.